ராத்திரி டியூட்டிக்கு ஆள் வேண்டாம்: நுங்கம்பாக்கம் தூண் முதல் ஹான்லே ரோபோ வரை

லடாக்கில் ஹான்லேன்னு ஒரு ஊர். கடல் மட்டத்துக்கு மேல 4500 மீட்டர் உயரத்துல ஒரு குன்று. அதன் உச்சியில 70 செ.மீ. கண்ணாடி வச்ச தொலைநோக்கி ஒண்ணு 2018-லிருந்து வேலை பார்க்குது. சாயங்காலம் ஆனா அதுவே வானிலை பார்க்கும். மேகம் இல்லன்னா அதுவே கூரையைத் திறக்கும். இன்னிக்கு ராத்திரி எதை எப்போ பார்க்கணும்னு அதுவே வரிசை போட்டுக்கும். விடியறப்ப மூடிட்டுப் படுத்துடும். பராமரிப்புக்கு அந்த மலையில ஆட்கள் இருக்காங்க. ஆனா ராத்திரி முழுக்க பக்கத்துல நின்னு திருப்ப ஒருத்தரும் வேண்டியதில்லை. பேரு குரோத்-இந்தியா. ஆராய்ச்சிக்கான தொலைநோக்கிகள்ல இந்தியாவோட முதல் முழு ரோபோ இதுதான்.

செய்தியா படிச்சா அவ்ளோதான், ரெண்டு நிமிஷ வேலை. எனக்குச் சுவாரசியமா பட்டது இதோட முன்கதை. மனுஷனைத் தொலைநோக்கிகிட்டேர்ந்து ஒரே நாளில் யாரும் கிளப்பிவிடலை. தவணை முறையில, கொஞ்சம் கொஞ்சமா, இருநூறு வருஷத்துக்கு மேல எடுத்துக்கிட்டு கிளப்பியிருக்காங்க. அந்தத் தவணைகளில் பெரும்பாலானவை நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கு. சென்னையில் ஆரம்பிச்சு, கொடைக்கானல் போய், ஜவ்வாது மலை ஏறி, அப்புறம்தான் லடாக்.

நான் இருக்குறது நைனார்பாளையம். எங்களுக்கு வடமேற்கே கல்வராயன் மலை. தென்பெண்ணையையும் தாண்டி, ஏறக்குறைய நேர் வடக்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில் ஜவ்வாது மலையில் காவலூர். அந்த உரிமையில்தான் இந்தப் பதிவு :-)

சென்னை நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆய்வு மையம் இருக்கே, புயல் வந்தா எல்லா டிவியும் மைக்கைத் தூக்கிக்கிட்டு ஓடுமே, அந்த வளாகத்துக்குள்ள ஒரு கருங்கல் தூண் நிக்குது. 15 அடி உயரம், பத்து டன் எடை. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய மதராஸ் வானாய்வகத்தின் தூண் அது. தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்காங்க. கருவி அசையக் கூடாதுங்கறதுக்காக அத்தனை கனம். கல்லு அசையலை. ஆனா கருவிக்குப் பின்னாடி உட்கார்ந்த மனுஷன் அசைஞ்சான். பிரச்சினை அங்கதான் ஆரம்பம்.

அந்தக் காலத்து முறைக்குக் 'கண்-காது முறை'ன்னே பேரு. தொலைநோக்கிக்குள்ள மெல்லிய இழை ஒண்ணு கட்டியிருக்கும். பக்கத்துல கடிகாரம் டிக் டிக்னு அடிச்சிக்கிட்டே இருக்கும். கண்ணு நட்சத்திரத்தைப் பார்க்கணும், காது டிக்கை எண்ணணும், நட்சத்திரம் இழையைத் தாண்டிய கணத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் மனசுலயே கணிச்சு எழுதணும். ஒரு ராத்திரியில் பல தடவை.

1796-ல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் ஒரு வம்பு. தலைமை வானியலாளர் நெவில் மாஸ்கலின், தன் உதவியாளர் டேவிட் கின்னிப்ரூக்கை வேலையை விட்டே அனுப்பிட்டார். காரணம்? அவர் எழுதிய நேரம் மாஸ்கலின் எழுதியதைவிட 0.8 வினாடி பிந்தியிருந்தது. கவனக்குறைவாம்! அந்த மனுஷர் என்ன பாடுபட்டிருப்பார்னு நினைச்சுப் பாருங்க. பல வருஷம் கழிச்சு ஜெர்மன் வானியலாளர் பெஸல் இந்த விஷயத்தைத் துருவிப் பார்த்தப்பதான் புரிஞ்சது: ஒவ்வொருத்தர் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு தனித் தாமதம் இருக்கு, மாஸ்கலினுக்கும் சேர்த்துத்தான். யாரு சரி, யாரு தப்புன்னு சொல்ல முடியாது. கின்னிப்ரூக்குக்குப் போன வேலை போனதுதான்.

என்னைக் கேட்டா தானியங்கித் தொலைநோக்கியின் வரலாறு கம்ப்யூட்டரிலிருந்து தொடங்கலை, இந்த 0.8 வினாடியிலிருந்து தொடங்குது. பார்க்குறவனும் ஒரு கருவிதான், அவனுக்கும் பிழை உண்டுன்னு எப்போ தெரிஞ்சுதோ, அப்பவே அவனை எப்படி விலக்கலாம்னு யோசனையும் ஆரம்பிச்சாச்சு.

ஆனா அந்த மனுஷக் கண்ணு என்னவெல்லாம் செஞ்சதுன்னும் பார்க்கணும் இல்லையா. 1861-ல் மதராஸுக்கு நார்மன் போக்சன் வந்தார். விண்மீன்களின் பிரகாசத்தைக் கணக்கு வைக்க இன்னிக்கும் உலகம் பூரா பயன்படுத்தும் அளவுகோலை 1856-ல் முன்வச்ச ஆள் (ஐந்து படி வித்தியாசம்னா நூறு மடங்கு வெளிச்சம்னு சொல்வாங்களே, அது). வந்த வருஷமே ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சார். ஆசியாவிலிருந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள் என்பதால் அதுக்கு ஆசியான்னே பேரு வச்சார். சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885-ல் வேரான்னு மேலும் நாலு. எல்லாம் நுங்கம்பாக்கத்திலிருந்து. இப்ப அங்க நின்னு பார்த்தா நிலா தெரிஞ்சாலே பெரிசு.

அவர்கிட்ட தலைமை உதவியாளரா இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் தெற்கு வானத்தில் ரெட்டிகுலம் என்ற மண்டலத்தில் ஒரு விண்மீனின் ஒளி மாறிக்கிட்டே இருப்பதைக் கண்டுபிடிச்சார். ஆர் ரெட்டிகுலி. நவீன வானியலில் ஓர் இந்தியர் செஞ்ச முதல் கண்டுபிடிப்புகளில் ஒண்ணுன்னு இதைச் சொல்வாங்க. 1872-ல் லண்டனின் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. இந்தியர்களில் அவர்தான் முதல். 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே போனபோது, சனங்களுக்குப் புரியணும்னு பல இந்திய மொழிகளில் சிறு நூல் போட்டார், தமிழிலும்தான். பஞ்சாங்கத்தை நேரில் பார்த்துச் சரிபார்க்கணும்னு வாதாடினவர். 1880-ல் இறந்துபோனார். இவருக்குத் தனிப் பதிவே போடலாம், போடுறேன்.

இந்த ஆளை மனசுல வச்சுக்குங்க. ராத்திரி ராத்திரியா கண்ணு வலிக்கப் பார்த்தவருக்குப் பேராவது மிஞ்சியது. அந்த வசதி பின்னால வந்தவங்களுக்கு இல்லை.

கொடைக்கானலைச் சீக்கிரம் கடந்துடறேன். அங்க நடந்தது முக்கியமான ஒரு மாற்றம், ஆனா சுருக்கமா சொல்லிடலாம். 1899-ல் சூரிய ஆய்வுக்காக வானாய்வகம் கொடைக்கானலுக்குப் போச்சு. கண்ணால பார்த்துக் கையால வரையற வேலையைக் கண்ணாடித் தகடு எடுத்துக்கிச்சு. 1904-லிருந்து மேகம் இல்லாத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடிச்சு அடுக்கியிருக்காங்க. நூறு வருஷத்துக்கு மேல! பார்த்தவர் செத்துப்போனாலும் பார்த்தது சாகாது. எவர்ஷெட் 1909-ல் சூரியப் புள்ளிகளுக்குள்ள வாயு வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சதும் இங்கதான். அந்தத் தகடுகளை இப்ப டிஜிட்டலாக்கி, போன நூற்றாண்டின் சூரியனை இன்னிக்கு உட்கார்ந்து ஆராயறாங்க.

இனி காவலூர். 1960-ல் கொடைக்கானலுக்கு இயக்குநரா வந்த வைணு பாப்பு (சென்னையில் 1927-ல் பிறந்தவர்) ராத்திரி வானத்துக்குத் தோதான மலையைத் தென்னிந்தியா முழுக்கத் தேடினார். ஜவ்வாது மலையில் காடு, இருட்டு, 725 மீட்டர் உயரம், அதோட தெற்கு வானமும் நல்லாத் தெரியும். 1968-ல் நம்மாட்களே செஞ்ச 38 செ.மீ. தொலைநோக்கி அங்க நின்னது. 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து கார்ல் ஜெய்ஸ் கம்பெனியின் ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1986 ஜனவரி 6-ம் தேதி பிரதமர் ராஜீவ் காந்தி 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வச்சப்ப பாப்பு உயிரோட இல்லை, 1982-லேயே போய்ட்டார். அவர் பேரைத்தான் வச்சாங்க.

காவலூர் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்சது 1977 மார்ச் 10 ராத்திரி. யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைக்கப் போகுதுன்னு முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தாங்க. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானியை மாட்டி, விண்மீனின் வெளிச்சத்தைத் தொடர்ந்து பதிவு பண்ணிக்கிட்டிருந்தாங்க. கோள் மறைக்குறதுக்கு முன்னாடியே, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வெளிச்சம் சட்டுனு விழுந்து திரும்ப எழுந்தது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதுத் துணைக்கோள்னு 'நேச்சர்' இதழில் எழுதினாங்க. அதே ராத்திரி அமெரிக்க விமானத் தொலைநோக்கி ஒண்ணிலிருந்து பார்த்த எலியட் குழு, அந்த மாதிரி பல சரிவுகளைப் பார்த்து வளையங்கள்னு சொல்லிட்டாங்க. காவலூர்க்காரங்க சும்மா இருக்கலை. பதிவைத் திரும்ப எடுத்து வச்சு அலசினாங்க. அதே வருஷம் பட்டாச்சார்யாவும் பாப்புவும் யுரேனஸுக்குச் சனி மாதிரி வளையத் தொகுதின்னு 'நேச்சர்'லேயே எழுதினாங்க.

என்ன நடந்திருக்குன்னு கவனிங்க. ரகுநாதாச்சாரி காலத்தில் பார்த்த கணத்தோட எல்லாம் முடிஞ்சது, மறுபடி பார்க்கணும்னா அடுத்த ராத்திரிதான். 1977-ல் ராத்திரி பதிவானதைப் பகலில், ஒரு மாசம் கழிச்சு, ஆறு மாசம் கழிச்சு திரும்பப் பார்க்க முடிஞ்சது. 'பார்க்கிறது' என்பதே ராத்திரி வேலையிலிருந்து பகல் வேலையா மெதுவா நகர்ந்துடுச்சு. ரோபோ வர்றதுக்கு முன்னாடியே ரோபோவுக்கு இடம் ரெடி!

இந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு கூத்து. நம்ம மாதிரி பொழுதுபோக்கு ஆசாமிகளுக்குப் பெருமையான கூத்து. பல்கலைக்கழகங்கள் 1960-களிலேயே கம்ப்யூட்டரால் தொலைநோக்கியை ஓட்டிப் பார்த்திருந்தாங்க. ஆனா வருஷக்கணக்கா ஆளில்லாம ஓடுற மாதிரி செஞ்சு காட்டினது லூயி பாய்ட், ரஸல் ஜெனட் என்ற ரெண்டு அமெச்சூர்கள். பாய்ட் 1983-ல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தில் தன் வீட்டுக் கொல்லையில 10 அங்குலத் தொலைநோக்கி ஒண்ணைத் தானா ஓட விட்டுட்டுத் தூங்கப் போய்ட்டார். காலையில எழுந்து பார்த்தா அளவுகள் ரெடி. கொல்லைப்பக்கத்துக்கு வணக்கம் சொல்லணும்.

இங்க ரெண்டு சொல்லைப் பிரிச்சுக்கணும். ரிமோட் வேற, ரோபோ வேற. எங்க பக்கத்து உதாரணத்தோட சொல்றேன். மக்காச்சோளம், மரவள்ளி போடுற எங்க சனத்துக்கு த்ரீ பேஸ் கரண்டு எப்ப வரும்னு சொல்ல முடியாத காலம் உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா ரெண்டு மணிக்கு எழுந்து மோட்டார் கொட்டகைக்கு ஓடணும், டார்ச் லைட்டோட, பாம்புக்குப் பயந்துகிட்டு. அது காவலூர் முறை. வீட்டுல படுத்துக்கிட்டே செல்போன்ல ஸ்டார்ட்டரைப் போடுறாங்களே, அது ரிமோட். நடக்க வேண்டாம், ஆனா முழிச்சிருக்கணும். கரண்டு வந்தா தானா ஓடி, வோல்டேஜ் குறைஞ்சாலோ கிணத்துல தண்ணி இறங்கினாலோ தானா நிக்குதே, அது ரோபோ. முழிப்பே வேண்டாம்.

ஹான்லேயில் ரெண்டுமே இருக்கு, அதுதான் அந்த இடத்தின் விசேஷம். 1990-களில் இமயமலையில் நல்ல இடம் தேடி, மழை கம்மியான அந்தக் குளிர் பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. 2 மீட்டர் கண்ணாடி கொண்ட இமயச் சந்திரா தொலைநோக்கி 2000 செப்டம்பரில் முதல் ஒளியைப் பார்த்தது. சந்திரான்னா நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர். ஆனா 4500 மீட்டரில் காத்து அழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். மூச்சு வாங்கும், தலை வலிக்கும், குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியெல்லாம் சாதாரணம். அதனால 2001-லிருந்து இன்சாட் செயற்கைக்கோள் வழியா, பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே ஓட்ட ஆரம்பிச்சாங்க. உடம்பு கர்நாடகத்தில், கண்ணு லடாக்கில். ஆனா அந்த அறையிலயும் ஒருத்தர் விடிய விடிய டீ குடிச்சுக்கிட்டு முழிச்சிருக்கணும்.

அப்ப அந்தக் கடைசி ஆளையும் ஏன் எடுக்கணும்? சம்பளம் மிச்சம்னு நினைக்காதீங்க. நேரம்தான் காரணம்.

1999 ஜனவரி 23. விண்ணில் சுத்துற ஒரு செயற்கைக்கோள் காமாக் கதிர் வெடிப்பைப் பார்த்துட்டு இணையம் வழியா எச்சரிக்கை அனுப்புது. அமெரிக்காவின் லாஸ் அலாமோஸில் ராட்ஸ் என்ற ரோபோ, வெறும் நாலு கேனான் கேமரா லென்ஸைச் சேர்த்துக் கட்டினது, கல்யாண வீட்டு போட்டோகிராபர் கண்ணு வைக்கிற மாதிரி லென்ஸ், திரும்பிப் படம் எடுக்க ஆரம்பிச்சது. வெடிப்பு தொடங்கி 22 வினாடிதான் ஆகியிருந்தது. ஒரு நிமிஷத்துக்குள்ள அந்த வெளிச்சம் உச்சத்துக்குப் போய் மங்கத் தொடங்கிடுச்சு. உச்சத்தில் ஒரு சாதாரண பைனாகுலரிலேயே தெரியற அளவுக்குப் பிரகாசம். அந்த ஒளி கிளம்பி 900 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததைப் பார்க்க நமக்கு அரை நிமிஷம்தான் கொடுத்திருக்கு! போனை எடுத்து "அலோ"ன்னு சொல்றதுக்குள்ள முடிஞ்சுடும். 0.8 வினாடிக்காக ஒருத்தர் வேலையை இழந்ததில் தொடங்கின கதை, 22 வினாடியில் இங்க வந்து நிக்குது.

குரோத்-இந்தியா இந்த வேலைக்குத்தான். மும்பை ஐஐடியும் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் சேர்ந்து அமைச்சது. 2018 ஜூன் 12 ராத்திரி முதல் ஒளி. ஆண்ட்ரோமீடா மண்டலத்தில் திரும்பத் திரும்ப வெடிக்கும் ஒரு நோவாவைத்தான் முதல் ஆய்வாகத் தொடர்ந்தாங்க. வானில் திடீர்னு தோன்றி மறையற சமாச்சாரங்களை விரட்டிப் பிடிக்க, கலிபோர்னியாவின் கால்டெக் தலைமையில் உலகத்தைச் சுத்தி ஒரு தொலைநோக்கிச் சங்கிலி போட்டாங்க, அதில் இது ஒரு கண்ணி. கலிபோர்னியாவில் விடியும்போது நம்ம பக்கம் ராத்திரி. அங்க பார்த்ததை இங்க தொடரலாம். கானரித் தீவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் இருக்குற பெரிய இடைவெளியில் நம்ம நாடு சரியா உட்கார்ந்திருக்கு. இதுவும் புதுசில்லை, 1995-லிருந்து உதய்பூரில் இதே மாதிரி ஆறு இடத்துச் சூரியச் சங்கிலியில் ஒரு தானியங்கிக் கருவி ஓடுது.

ரோபோ உள்ளே என்ன பண்ணுதுன்னா: மேகம், காத்து, ஈரப்பதம் மூணையும் உணரிகள் சொல்லிக்கிட்டே இருக்கும். அந்தி வெளிச்சத்தில் வெறும் வானத்தைப் படம் பிடிச்சு, கேமராவின் கறை, தூசியைக் கணக்கு எடுத்துக்கும். பார்க்க வேண்டியதையெல்லாம் உயரம், அவசரம், நிலா எங்க இருக்குன்னு பார்த்து வரிசைப்படுத்தும். நடுவில் அவசரத் தகவல் வந்தா இருக்குற வேலையைப் போட்டுட்டு அங்க திரும்பும். எடுத்த படத்திலிருந்து பழைய படத்தைக் கழிச்சா புதுசா வந்தது மட்டும் மிஞ்சும். இதில் கடைசி வேலையைத்தான் போக்சன் மனப்பாடத்தில் செஞ்சார், விண்மீன் வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு. அவருடைய கடைசிச் சிறுகோளுக்கு அப்புறம் இந்தியாவிலிருந்து அடுத்த ஒண்ணு கண்டுபிடிக்க 1988 வரை காத்திருக்க வேண்டியதாச்சு. அந்த வருஷம் பிப்ரவரியில் காவலூரில் ராஜமோகன் 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் கண்டுபிடிச்ச அதுக்கு ராமானுஜன்னு பேரு.

நஷ்டம் இல்லாம இதெல்லாம் வரலை. மலை மேல ராத்திரி முழிச்ச அனுபவம்னு ஒண்ணு உண்டு. மேகம் வர்ற வாசனை, குவிமாடம் திரும்பும்போது வர்ற சத்தத்தில் ஒரு மாறுதல், இதையெல்லாம் வச்சே "இன்னிக்கு வேலைக்கு ஆகாது சார்"னு சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தாங்க. அந்த அறிவுக்கு உணரி மாட்ட முடியாது. அதே நேரம், ராத்திரியை ரோபோ எடுத்துக்கிட்டதால பகல் எல்லாருக்கும் திறந்திருக்கு. ஹவாயியின் பான்-ஸ்டார்ஸ் எடுக்குற படங்களில் நம்ம நாட்டுப் பள்ளிப் பிள்ளைங்க சிறுகோள் தேடிக் கண்டுபிடிக்கிறாங்க. மலையேற வேண்டாம், நெட் இருந்தா போதும். ரகுநாதாச்சாரிக்குக் கிடைச்ச கதவு ஒருத்தருக்கு மட்டும்தான் திறந்தது. இது அப்படியில்லை.

ஒரு வேலையை மட்டும் மெஷினால செய்யவே முடியாது: இருட்டைக் காப்பாத்துற வேலை. 2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுத்தி 1,073 சதுர கிலோமீட்டரை இருண்ட வானக் காப்பகமா அறிவிச்சாங்க. வீட்டு ஜன்னலுக்குத் தடித்த திரை போடுறது, வெளிச்சத்தைக் கீழ்நோக்கி வைக்கிறது எல்லாம் அங்க ஊர் சனங்கதான். அந்த ஊர் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் சின்னத் தொலைநோக்கி கொடுத்து, வர்ற சுற்றுலாப் பயணிகளுக்கு வானம் காட்டப் பழக்கியிருக்காங்க. காவலூர் வானம் 1968-ல் இருந்த இருட்டில் இல்லை. கல்வராயன் மேல வெள்ளிமலைப் பக்கம் அமாவாசைக்குப் போனா இன்னும் பால்வீதி தெரியும். கீழே எங்க ரோட்டு முக்கு உயர்கோபுர விளக்கு வெளிச்சத்தில் காக்கா ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கத்துது.

ஆலங்காயம், வாணியம்பாடி பக்கத்துப் பதிவர்கள் யாராச்சும் இருந்தா ஒரு வேண்டுகோள். காவலூர்ல ராத்திரி உதவியாளரா, குவிமாடம் திருப்புறவரா, ஜீப் ஓட்டுநரா வேலை பார்த்த உங்க ஊர்ப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து பேசி எழுதுங்க. விஞ்ஞானிகள் பேரு கட்டுரைகளில் இருக்கு. இவங்க பார்த்த ராத்திரிகள் எங்கயும் அச்சில் வந்து நான் படிச்சதில்லை.